செவ்வாய்க்கிழமை டீச்சர்

2024 ஜூன் 19, புதன்கிழமை, மாலை நாலு இருபது. நான் இங்கே வந்து நாற்பத்தோராவது நாள். உனக்கு எழுதும் கடிதம் மூன்றாவது. வந்த பதில் ஒன்று.

அன்புள்ள அனுசியாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காற்று மட்டும் காதை அறுக்கிறது. நீயும் ஆனந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? சாரல் ஆரம்பித்துவிட்டதா? அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் பத்தாம் தேதி திறந்தாயிற்று. ஆனந்தி மூன்றாம் வகுப்பு. தினமும் போகிறாளா? போன ஞாயிறு போனில் கேட்டதற்கு "போறா, போறா" என்று இரண்டு தடவை சொன்னாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இங்கே எல்லையில் செல்போனுக்கு டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யூனிட் போனில் ஐந்து நிமிஷம். பின்னால் நிற்கிறவன் முதுகில் இடித்துக்கொண்டே இருப்பான். அந்த நேரத்தில் பள்ளிக்கூடக் கதை வேண்டாம், போனை ஆனந்தி காதில் வை. அவள் பேச மாட்டாள், தெரியும். மூச்சு விடுவது கேட்கிறது, அது போதும். மற்றதை எல்லாம் எழுது. யார், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அப்படியே எழுது. "எல்லாம் நல்லபடி" என்று எழுதாதே. ஜெனரேட்டர் நல்லபடி ஓடுகிறது என்று எவனாவது சீட்டு எழுதிக் கொடுத்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மழையில் படி வழுக்கும், பார்த்துப் போ. ஆனந்திக்கு என் முத்தம்.

குற்றாலீஸ்வரன்


மேலகரம்
3.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். காதை மூடி மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள், தொப்பி மட்டும் போதாது. இங்கே சாரல் விடவில்லை. துவைத்தது எதுவும் காயாமல் ஆனந்தியின் யூனிபாரத்தை அயர்ன் பாக்ஸ் வைத்துத்தான் காயவைக்கிறேன். அருவிக்கு வரும் கார்கள் நம் தெருமுனை வரை நிற்கின்றன.

அவள் தினமும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் போகிறாள்.

பள்ளிக்கூடம் திறந்த அந்த வாரமே ஹெச்.எம். கூப்பிட்டார்கள். "அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பெல் அடிச்சா ஒங்க பிள்ள காதப் பொத்திக்கிட்டு அலறுதா. அத்தன பிள்ளையளையும் வச்சுக்கிட்டு கிளாஸ் டீச்சர் என்ன செய்வா, சொல்லுங்க. செவ்வாக்கிழம ஸ்பெஷல் டீச்சர் வருதாங்கல்லா, அன்னைக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க. மத்த நாளுக்கு நானே வருகை போட்டுக்கிடுதேன். இல்லன்னா ஆய்க்குடியில கேட்டுப் பாருங்களேன், அங்க இந்த மாதிரிப் பிள்ளையள நல்லாப் பாப்பாங்க" என்றார்கள். திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அதனால் எனக்கும் சண்டை போட வாய் வரவில்லை.

ஸ்பெஷல் டீச்சர் பெயர் ஜெயசித்ரா. புதிதாக வந்திருக்கிறார்கள். ஒப்பந்த வேலை. கிழமைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஸ்கூட்டியில் அலைகிறார்கள். நம் பிள்ளையிடம் பொறுமையாக இருக்கிறார்கள்.

கோபப்படாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அனுசியா


14.7.2024, ஞாயிறு

அனுசியாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் நேற்று வந்தது.

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறாய். பட்டாயிற்று. வராத பிள்ளைக்கு வருகை போடுவது திருட்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கலாம் என்று 2016லேயே சட்டம் வந்துவிட்டது. அவள் டீ வாங்கிக் கொடுத்தாளாம், இவள் குடித்துவிட்டு வந்தாளாம்.

நம்மூர்ப் பக்கம் கீழப்பாவூர்க்காரன் ஒருவன் இங்கே இருக்கிறான், பாண்டித்துரை. அவன் வயலில் பக்கத்துக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான். இவன் கர்னலிடம் போய் நின்றான். கர்னல் மாவட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், "எங்கள் வீரர் எல்லையில் நிற்கிறார், அவர் குடும்பக் குறையைக் கவனியுங்கள்" என்று. இரண்டு வாரத்தில் சர்வேயர் வயலில் நின்றான். நான் அதையே செய்யப்போகிறேன். மூன்று வரிப் புகார்: ஒன்று, பிள்ளையை வர வேண்டாம் என்கிறார்கள். இரண்டு, பொய் வருகை போடுகிறார்கள். மூன்று, சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார்.

இதுவரை நம் பிள்ளை இப்படி என்று இங்கே யாருக்கும் தெரியாது. இனித் தெரியும். தெரியட்டும்.

உனக்கு ஒரே ஒரு வேலை. விசாரணைக்கு யார் வந்தாலும் வாய் திறக்காதே. நீ இளகி எதையாவது சொல்லிவிடுவாய், அவர்கள் அதைத் தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்வார்கள். எல்லாம் என் புகாரில் இருக்கிறது என்று இருந்துவிடு. எதிலும் கையெழுத்தும் போடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆனந்தியைக் கேட்டதாகச் சொல்.

குற்றாலீஸ்வரன்


மேலகரம்
29.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். அங்கே நீங்களும் உங்களோடு இருப்பவர்களும் சுகமாக இருக்க இலஞ்சி முருகனுக்கு அர்ச்சனை செய்தேன். இரண்டு ஞாயிறாகப் போன் வரவில்லை. பயமாக இருக்கிறது.

கர்னல் கடிதம் வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஜெயசித்ரா டீச்சர் ஆனந்திக்குச் சின்னச் சின்னப் படம் ஒட்டிய அட்டைகள் செய்து கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர், சோறு, பாத்ரூம், வீடு. போன செவ்வாய் அவள் தண்ணீர் அட்டையை எடுத்து டீச்சர் கையில் வைத்தாள். அழவில்லை, கையைக் கடிக்கவில்லை, எடுத்து வைத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளே சொன்னாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சத்துணவு சமைக்கிற சுல்தான் பீவி அக்கா, "ஏட்டி, பிள்ள தண்ணி கேட்டா குடுக்கணும். ஒங் கண்ணுல இருந்தா குடுப்ப?" என்று சிரித்தார்கள்.

டீச்சர் ஹெச்.எம்.மிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் முதல் ஒரு மணி நேரம், பெல் சத்தம் குறைவாகக் கேட்கும் பின்பக்க அறையில் ஆனந்தியை உட்காரவைக்கலாம், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டலாம் என்று. ஹெச்.எம். முதலில் முடியாது என்றார்கள். இப்போது "ஒரு மணி நேரம்னா பாப்போம்" என்கிறார்கள்.

வயலுக்குக் கல் நட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்கு மறுநாளும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதே முகங்களைப் பார்க்க வேண்டும், அத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே பதில் போடுங்கள்.

அனுசியா


2.8.2024

அனுசியாவுக்கு,

நான் சௌக்கியம். மண் சரிந்து லைன் அறுந்துவிட்டது, அதனால்தான் போன் இல்லை. பயப்படாதே. உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. ரோடு அடைத்திருக்கிறது, நேற்றுதான் பாதி திறந்தார்கள்.

வேலை நடந்துவிட்டது. கர்னல் முன்னால் நின்று ஆனந்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஜூலை 24 அன்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் போய்விட்டது. இனி ஓட்டம்தான் அவர்களுக்கு.

மறுபடியும் சொல்கிறேன், வாய் திறக்காதே. அழுது காரியத்தைக் கெடுக்காதே.

கதகதப்பான தண்ணீர் குடி. ஆனந்திக்கு முத்தம்.

குற்றாலீஸ்வரன்


மேலகரம்
26.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலம்தானே.

போன செவ்வாய்க்கிழமை மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்து விசாரித்தார்கள். நீங்கள் சொன்னபடி நான் எதுவும் பேசவில்லை. ஆனந்தி தினமும் பள்ளிக்கூடத்துக்கு வரலாம் என்று ஹெச்.எம்.மிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். நாளையிலிருந்து போகிறாள். நானும் கூட உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உட்காருகிறேன்.

மழை விட்டுவிட்டது. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

அனுசியா


9.9.2024

என் அனுசியாவுக்கு,

நல்ல சுகம்! நீங்கள் எப்படி? உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. "வேண்டாம், பொறுங்கள்" என்ற பழையதும், ஜெயித்த பிறகு எழுதிய புதியதும். அடுத்தடுத்து வைத்துப் படித்துச் சிரித்தேன். பார்த்தாயா? நீ கேட்டது ஒரு மணி நேரம். நான் வாங்கிக் கொடுத்தது ஐந்து நாள். கெஞ்சினால் ஒரு மணி நேரம்தான் தருவார்கள், அனுசியா.

மாவட்டத்திலிருந்து கர்னலுக்கும் பதில் வந்துவிட்டது. "புகார் விசாரிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது." பாண்டித்துரை கேன்டீனில் ஜிலேபி வாங்காமல் என்னை விடவில்லை. எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தேன். ஆனந்தி போட்டோவை முதல் தடவையாக எல்லோருக்கும் காட்டினேன்.

நீ எழுதியது மட்டும் ரொம்பச் சுருக்கம். தண்ணீர் அட்டை விஷயத்தை இன்னும் விரிவாக எழுது. இப்போது எத்தனை அட்டை எடுக்கிறாள்? அந்த டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் வரச் சொல். முடியாது என்றால் சொல், அதற்கும் ஒரு கடிதம் வாங்கிவிடலாம்.

நன்றாகத் தூங்கு. இனிக் கவலை இல்லை.

உன் குற்றாலம்


6.10.2024, ஞாயிறு

அனுசியாவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. உன் உடம்புக்கு ஏதாவதா? ஒளிக்காமல் எழுது.

லைன் சரியாகி மூன்று ஞாயிறு பேசிவிட்டோம். மூன்று தடவையும் "ஆனந்தி தூங்குறா" என்றாய். காலை பதினோரு மணிக்கு என்ன தூக்கம்? இன்று போனில் அவள் பின்னால் கத்துவது எனக்குக் கேட்டது. கையைக் கடிக்கும்போது கத்துவாளே, அந்தச் சத்தம். அது நின்று எவ்வளவு நாளாயிற்று என்று நீதானே சொன்னாய்?

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டாம். என்ன நடந்தது?

குற்றாலீஸ்வரன்


மேலகரம்
17.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனந்திக்கு வலது கை மணிக்கட்டில் கடித்த புண் இருக்கிறது, மருந்து போடுகிறேன், ஆறுகிறது. நீங்கள் இதை உட்கார்ந்து படியுங்கள்.

ஜெயசித்ரா டீச்சர் இப்போது இல்லை.

ஜீப்பில் வந்த அன்று ஹெச்.எம். ரூமில் என்னை உட்காரவைத்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, டீச்சர் ஆனந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்கள். ஹெச்.எம். முந்திக்கொண்டு, "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார். ஸ்பெஷல் டீச்சர் இருந்தாத்தான் அந்தப் பிள்ள அமருதா. அவங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்தா நாங்க என்ன செய்ய?" என்றார்கள். வந்த அதிகாரி உங்கள் புகாரின் மூன்றாவது வரியை விரலால் காட்டி, "இதுவும் அதத்தான சொல்லுது" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, தன்மையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த டீச்சர் ஒழுங்கா வாராங்களா? பிள்ளையப் பாக்காங்களா?"

எனக்கு வாய் வரைக்கும் வந்தது, அத்தான். வாராங்க சார், இவங்களாலதான் என் பிள்ள தண்ணி கேக்கா, ஒரு நாள் வச்சது இவங்க இல்ல என்று சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், வாய் திறக்காதே என்று. டீச்சர் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். "பயப்படாதீங்க, வரலன்னு எழுதிக்கிடவா?" என்றார். நான் அதற்கும் பேசவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் அவர்களை மாவட்டத்தின் அந்தக் கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் படுக்கையில் இருக்கும் அப்பாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாமல் வேலையை விட்டுவிட்டார்கள். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. சுல்தான் பீவி அக்காதான், "ஒம் மாப்பிள்ள பட்டாளத்துல இருந்து குண்டு போட்டாருல்லா, அது விழுந்தது அந்தப் புள்ள தலையிலட்டி" என்றார்கள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆனந்தி ஐந்து நாளும் போகிறாள். கடைசி பெஞ்சில் நானும் அவளும். யாரும் எதுவும் சொல்வதில்லை. பயம். ஹெச்.எம். என்னைப் பார்த்தால் "வாங்க மேடம்" என்கிறார்கள். பின்பக்க அறையைப் பற்றிக் கேட்டேன், "எதுக்கு மேடம் வம்பு, பிள்ளையப் பிரிச்சு வச்சேன்னு நாளைக்கு அதுக்கும் ஒரு கடுதாசி வரும்" என்றார்கள். பெல் அடிக்கிறது, அவள் அலறுகிறாள், நான் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைதான் தாங்க முடியவில்லை. அன்று சத்துணவுக்குக் கடலை வேகும். அந்த வாசம் வந்ததும் அவள் எழுந்து போய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் குதிக்கிறாள். வண்டி நிற்காமல் போய்விடுகிறது. நான் இழுத்தால் கையைக் கடித்துக்கொள்கிறாள். அட்டைகளைக் கீழே எறிந்துவிட்டாள். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் பழையபடி அழுகைதான்.

போன சனிக்கிழமை தீபாவளிக்குத் துணி எடுக்கத் தென்காசிக்குப் போனோம். கடையில் வேலைக்கு நின்று பாவாடைத் துணி மடித்துக்கொண்டிருந்தது ஜெயசித்ரா டீச்சர். நான் திரும்பிப் போய்விடத்தான் பார்த்தேன். ஆனந்தி என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் குனிந்து, "யாரு, ஆனந்தியா? தண்ணி வேணுமா தங்கத்துக்கு?" என்று தன் பாட்டிலைக் கொடுத்தார்கள். அவள் குடித்து முடித்ததும் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார்கள்.

அப்புறம் மெதுவாகக் கேட்டார்கள். "ஏங்க்கா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"அவுக சொல்லக் கூடாதுன்னாக" என்றேன். எனக்கே அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "எந்தக் கலர் எடுக்கீங்க?" என்று கேட்டார்கள். கடை முதலாளி மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. போனில் ஆனந்தியைக் கொடுத்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று கொடுக்கவில்லை.

பனியில் வெளியே நிற்காதீர்கள்.

அனுசியா


3.11.2024

என் அனுசியாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று இன்று எழுத முடியவில்லை. ஆனந்தியின் கைப் புண் எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தில் என்னைத் திட்டிய வரி ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம்.

மாவட்டத்திலிருந்து வந்த பதில் செப்டம்பரிலேயே என் கையில் இருந்தது. உரிய நடவடிக்கை என்று போட்டிருந்தது. யார் மேல் என்று நான் கேட்கவில்லை. ஜிலேபி வாங்கப் போய்விட்டேன். மூன்றாவது வரியை ஏன் எழுதினேன் என்று யோசித்தேன். ஒரு நாள் போதாது, இன்னும் அதிக நாள் வேண்டும் என்பதற்குத்தான் எழுதினேன். படிக்கிறவன் அப்படித்தான் படிப்பான் என்று நினைத்தேன். உன்னிடம் காட்டியிருந்தால் அந்த வரியை நீ அடித்திருப்பாய்.

உன்னைப் பேசாதே என்றேன். அந்த ரூமில் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தரைக் கேட்க ஆள் இல்லை. இன்னொருத்தியைப் பேச நான் விடவில்லை.

இன்று மத்தியானம் ஹெட் கிளார்க்கிடம் போய் இரண்டாவது கடிதம் வேண்டும் என்றேன். மலையாளி, ஆரியங்காவுக்காரர், புளியறை தாண்டினால் அவர் வீடு. சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "எடா, ஜெயிச்ச கேஸில் ஆராவது அப்பீல் போவுமோ? கர்னல் கையெழுத்திட்டது தெற்று, தப்பு என்று கர்னலையே எழுதச் சொல்லணும், அல்லே?" என்றார். ஆமாம் என்றேன். "போய் நாளை வா. ஷேவ் செய்து வா" என்றார். கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தாலும் அந்த டீச்சர் திரும்பி வருவார்களா என்று தெரியாது. வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

நீ குளிரில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடம் கொடு. கத்தினாலும் கொடு. இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை கர்னல் முன்னால் நிற்பேன். மூன்றாவது வரி என் தவறு, அந்த டீச்சர் மேல் எங்களுக்குக் குறையே இல்லை, அவரை மறுபடி வேலையில் எடுத்து அதே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதக் கேட்பேன். மாட்டேன் என்றால் மறுநாளும் போய் நிற்பேன்.

2. ஜீப்பில் வந்தவரிடம் நீ சொல்ல நினைத்ததை நீயே எழுதி எனக்கு அனுப்பு. ஒரு எழுத்தையும் மாற்றாமல் கடிதத்தோடு சேர்ப்பேன். கர்னல் எழுதாவிட்டால் அதை மட்டும் அனுப்புவேன்.

3. ஜெயசித்ரா டீச்சருக்குத் தனியாக எழுதுவேன். திரும்பி வாருங்கள் என்று கேட்க மாட்டேன். உன் வாயை அடைத்தது நான் என்று மட்டும் எழுதுவேன்.

4. டிசம்பர் லீவில் வருவேன். ஹெச்.எம்.மிடம் சட்டம் பேச மாட்டேன். பின்பக்க அறையைத் திறந்து தாருங்கள், அதற்குக் கடுதாசி வராது என்று என் கையால் எழுதிக் கொடுப்பேன்.

5. செவ்வாய்க்கிழமை அவள் வாசலுக்குப் போனால் நானும் போய் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இழுக்க மாட்டேன். டீச்சர் வர மாட்டார்கள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் நிற்பேன்.